பிள்ளைக்கு எப்போது தனிக் கணக்கு?

சங்கத்தின் பொதுக்கூட்டங்களில் நூல் விலை, கூலி உயர்வு, பயிர்க்கடன் தவணை ஆகியவற்றைப் பேசி முடித்தபின், அங்கத்தினர்கள் வாசலில் கூடி நின்று பேசும் விஷயங்கள் வேறு. அவற்றுள் இப்போது முதலிடம் பெற்றிருப்பது பிள்ளைகளின் கைப்பேசி. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் இன்ஸ்டாகிராமில் கணக்கு வேண்டுமென்று கேட்கிறான், கொடுக்கலாமா என்று ஒருவர் வினவுகிறார். என் பெண் கேட்கவே இல்லை, அவளாகவே தொடங்கிவிட்டாள் என்று அடுத்தவர் பெருமூச்சு விடுகிறார். எத்தனை வயதில் கொடுக்கலாம் என்று யாரேனும் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் போதும் என்பதே பெரும்பாலோரின் எதிர்பார்ப்பு. ஆகையால் அந்த எண்ணைப் பற்றியே முதலில் பார்த்துவிடுவோம்.

பெரும்பாலான சமூக ஊடகங்களில் கணக்குத் தொடங்க 13 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இது மருத்துவர்களும் ஆசிரியர்களும் பிள்ளைகளின் மனவளர்ச்சியை ஆராய்ந்து கண்ட வயது என்று நம்மில் பலர் கருதுகின்றனர். உண்மை அவ்வாறன்று. அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2000 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சொந்த விவரங்களைச் சேகரிக்கும் இணையதளங்கள் பெற்றோரின் சம்மதத்தை முன்னதாகப் பெறவேண்டும் என்பது அதன் சாரம். ஒவ்வொரு பெற்றோரிடமும் சம்மதம் வாங்குவது கம்பெனிகளுக்குத் தொல்லையாயிற்று. 13 நிரம்பாதவர் உள்ளே வரக்கூடாது என்று எழுதிவைத்துவிடுவது சுலபமாயிற்று. விவரம் சேகரிப்பதற்காக நட்ட எல்லைக்கல்லைப் பக்குவத்தின் அளவுகோலாக உலகம் எடுத்துக்கொண்டுவிட்டது.

அந்தக் கல்லும் ஓரிடத்தில் நிற்கவில்லை. வாட்ஸ்அப் நிறுவனம் ஐரோப்பாவில் 2018-இல் குறைந்த வயதை 16 என்று உயர்த்தியது. 2024 ஏப்ரலில் அதையே 13 என்று இறக்கியது. இடைப்பட்ட 6 ஆண்டுகளில் ஐரோப்பாவின் பிள்ளைகள் 3 வயது முன்னதாகவே பக்குவமடைந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அதன்படி 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்குட்பட்டோர் கணக்கு வைத்திருக்காமல் தடுக்கும் பொறுப்பு கம்பெனிகளைச் சார்ந்தது. தவறினால் 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்றும் கூறுகிறது. 2025 நவம்பரில் இதற்கான விதிகள் அறிவிக்கப்பட்டபோது, இக்கடமைகளை நிறைவேற்றக் கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டது. ஆக 13, 16, 18 என மூன்று எண்கள் இருக்கின்றன. இவற்றில் எதுவும் நம் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னதன்று. சட்டங்கள் அவசியமானவையே, கம்பெனிகளைக் கட்டுப்படுத்த அவற்றைத் தவிர வேறு வழியில்லை. எனினும் தம் பிள்ளையை அளக்கும் வேலை பெற்றோரிடமே மிச்சமிருக்கிறது.

கணக்குக் கொடுக்கலாமா என்று கேட்கும்போது, பிள்ளை இன்னும் வெளியே நிற்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். நெசவுக் குடும்பங்களிலும் விவசாயக் குடும்பங்களிலும் இது பெரும்பாலும் சரியன்று. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது கைப்பேசியே சிலேட்டாயிற்று. தமிழ்நாட்டில் 8-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குச் சென்றது 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு மேல் கையிலிருந்த பொருளைப் பள்ளி திறந்தவுடன் திரும்ப வாங்கிவிட்ட வீடுகள் எத்தனை?

கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றிய 2024-ஆம் ஆண்டின் அசர் அறிக்கையில் நாம் கவனிக்கத்தக்க சில கணக்குகள் உள்ளன. 14 முதல் 16 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 82 பேர் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள். அப்படித் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 57 பேர் முந்தைய வாரத்தில் படிப்புக்காகவும், 76 பேர் சமூக ஊடகத்துக்காகவும் அதைப் பயன்படுத்தியிருந்தனர். சமூக ஊடகத்தைப் பயன்படுத்தியவர்களில் தம் கணக்கைப் பிறர் பார்க்காதபடி மூடிவைக்கத் தெரிந்தவர்கள் 55 பேர்தான். கதவைத் திறக்கத் தெரிந்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே தாழ்ப்பாள் போடத் தெரிந்தவர்கள் என்பது இதன் பொருள்.

நம் வீடுகளில் இன்னொரு விசேஷமும் உண்டு. வீட்டிலிருக்கும் ஒரே நல்ல கைப்பேசி தொழிலுக்கு உரியது. சேலையின் படம் வியாபாரிக்குப் போவதும், மஞ்சள் விலை வருவதும், வங்கிப் பணம் கைமாறுவதும் அதில்தான். அதை லாவகமாகக் கையாள்பவரோ வீட்டுப் பிள்ளை. அப்பாவின் பெயரில் உள்ள கணக்கிலிருந்து படம் போடுவது மகள். விலை கேட்டு வரும் செய்திகளுக்கு மறுமொழி எழுதுவது மகன். இதை நாம் உதவி என்கிறோம், பெருமையும் படுகிறோம். ஆனால் அந்தக் கம்பெனியின் கணக்குப்படி உள்ளே இருப்பவர் 45 வயது ஆண்மகன். 45 வயதுக்காரருக்குக் காட்டுவதையெல்லாம் அது காட்டும். சிறுவர்க்கென்று உள்ள பாதுகாப்புகளில் ஒன்றும் அந்தக் கணக்குக்குப் பொருந்தாது. எந்த ஊர் என்றே தெரியாத ஒருவர் இரவு பத்தரை மணிக்கு, அண்ணா, வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்கிறார். மறுமுனையில் பதில் எழுதுவது பதின்மூன்று வயதுச் சிறுமி என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டால் என்ன செய்வாரென்பது நமக்குத் தெரியாது.

சேலையைப் பெண்பிள்ளைக்கு உடுத்திப் படமெடுத்து அனுப்பும் வழக்கத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவோம். கொடியில் தொங்கும் சேலையைவிட உடுத்திய சேலை விலைபோகிறது என்பது வாஸ்தவம். ஆயினும் ஒரு வியாபாரிக்கு அனுப்பிய படம் மறுநாள் எத்தனை குழுக்களில் சுற்றும் என்று அனுப்பியவருக்கே தெரியாது. முகம் தெரிந்த ஒரு படம் இருந்தால் அதை வேறு உடலுடன் ஒட்டிவிடும் கருவிகள் இன்று சாதாரணமாகக் கிடைக்கின்றன. முந்தியையும் கரையையும் விரித்து மடித்துப் படமெடுத்தால் விற்பனை சிறிது மந்தமாகுமாயின், அதைச் சகித்துக்கொள்வதே நியாயம் என்று கருதுகிறோம்.

இந்த ஊடகங்கள் வேலை செய்யும் விதத்தைப் பெற்றோர் ஓரளவேனும் அறிந்திருப்பது நல்லது. நல்ல ஜவுளிக் கடையில் கைதேர்ந்த விற்பனையாளர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். எந்தச் சேலையின்மீது நம் கண் எத்தனை நொடி நின்றது என்று அவர் மனத்தில் குறித்துக்கொள்கிறார். நாம் கேட்குமுன் அதே சாயலில் அடுத்ததை விரிக்கிறார், அதன்பின் இன்னொன்று. கடையைப் பூட்டும் நேரமும் கிடையாது. சமூக ஊடகம் அந்த விற்பனையாளரைப் போன்றது. விரல் தள்ளத் தள்ள முடிவின்றி வந்துகொண்டேயிருக்கும் திரையை 2006-இல் வடிவமைத்த அசா ராஸ்கின் என்பவரே பிற்காலத்தில் அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார். பாவு தீர்ந்தால் தறி நிற்கும். அங்கே பாவு தீர்வதில்லை. வயது வந்த நாமே நள்ளிரவு வரை அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். விடிந்தால் தெரிந்தவர், தெரியாதவர் அனைவருக்கும் காலை வணக்கப் படங்களை அனுப்புகிறோம். பிள்ளையை அளக்க உட்காருமுன் இதையும் நினைவிற் கொள்வது நலம்.

சரி, எதைக் கொண்டு அளப்பது?

புதிதாகத் தறி பழகும் ஓர் இளைஞனிடம் மூத்த நெசவாளர் எதைப் பார்க்கிறார்? கை வேகத்தை அன்று. அது தானே வரும். பாவில் இழை அறுந்த மறுகணம் நாடாவை நிறுத்தி, அறுந்துவிட்டது என்று சொல்கிறானா, அல்லது ஒருவருக்கும் தெரியாதபடி மேலே நெய்துகொண்டு போகிறானா என்பதையே பார்க்கிறார். அறுந்ததைச் சொல்பவனைத் தறியில் தனியே விடலாம். மறைப்பவனுடைய குறை, துணியைச் சங்கத்து மேஜையில் விரிக்கும் நாளில் முழ நீளத்துக்குத் தெரியும். கழனியிலும் இதே கதைதான். மடை உடைந்துவிட்டது என்று ஓடிவந்து சொல்லும் பிள்ளையைத் தண்ணீர் பாய்ச்ச அனுப்பலாம்.

சமூக ஊடகத்துக்கும் இதைவிடச் சிறந்த அளவுகோல் ஒன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கைப்பேசியைக் கையாள்கிறது என்பது முக்கியமன்று. தவறு நேர்ந்தால் நம்மிடம் வந்து சொல்லுமா என்பதே கேள்வி.

பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றை நினைத்துக்கொள்வோம். தன் வயதினர் என்று நம்பிய யாரோ ஒருவரோடு பல வாரங்கள் செய்தி பரிமாறி, ஒருநாள் அனுப்பக்கூடாத ஒரு படத்தை அனுப்பிவிடுகிறது. அரை மணி நேரத்தில் மிரட்டல் வருகிறது: பணம் அனுப்பு, இல்லையேல் உன் பள்ளிக்கூடத்தார் எல்லோருக்கும் இப்படம் போகும் என்று. அந்த இரவில் பிள்ளை இரண்டு பேருக்கு அஞ்சுகிறது. ஒருவர் மிரட்டுபவர். மற்றவர் அடுத்த அறையில் உறங்கும் தகப்பனார். இரண்டாவது அச்சம் பெரிதாயிருந்தால், அது மிரட்டுபவருக்கே கீழ்ப்படியும். அப்பாவின் கைப்பேசியிலிருந்து பணம் அனுப்பும். அதுவும் போதாதபோது வேறு முடிவைத் தேடும். நாம் அஞ்சவேண்டியது இந்த இடத்தைத்தான். படம் போய்விட்டதே என்பதைவிட, ஒருவருக்கும் தெரியாமல் பிள்ளை தனியே நிற்கிறதே என்பதுதான் ஆபத்து.

அதே பிள்ளை அன்றிரவே வந்து சொல்லிவிட்டால் செய்யக்கூடியவை பல இருக்கின்றன. பணம் அனுப்பக் கூடாது. ஒருமுறை அனுப்பினால் மறுமுறையும் கேட்பார்கள். செய்திகளை அழிக்கக் கூடாது; அவையே சாட்சியம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லலாம். குழந்தைகளுக்கான 1098 எண்ணும் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவரின் அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையை அமெரிக்காவில் காணாமற்போகும் குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துகிறது. படத்தை யாருக்கும் அனுப்பாமல், அதன் அடையாளக் குறியை மட்டும் எடுத்துக்கொண்டு, இத்திட்டத்தில் சேர்ந்துள்ள தளங்கள் அப்படத்தைக் கண்டறிந்து நீக்க இது வகைசெய்கிறது.

வந்து சொல்லும் குணம் பிள்ளையின் குணம் மட்டுமன்று; பாதிக்கு மேல் வீட்டின் குணம். தறியில் இழை அறுந்ததைச் சொன்னவனுக்கு அடி விழுந்தால், அடுத்த முறை அவன் சொல்லமாட்டான். சின்னஞ்சிறு பிழையைக் கண்டவுடன் கைப்பேசியைப் பறித்துப் பரண்மேல் வைக்கும் வீட்டில், பெரிய பிழை ஒருநாளும் வெளிவராது. ஆகையால் கணக்குக் கேட்கும் பிள்ளையைச் சோதிக்குமுன், சென்ற ஓராண்டில் அது நம்மிடம் வந்து ஒப்புக்கொண்ட பிழைகளை எண்ணிப் பார்க்கலாம். மதிப்பெண் குறைந்தது, கடையில் சில்லறை தவறியது, தம்பியை அடித்தது, எதுவாயினும் சரி. ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லையென்றால் பிள்ளை பிழையே செய்யவில்லை என்று அர்த்தமாகாது. அந்த வீட்டில் கணக்கு ஓர் ஆண்டு தள்ளிப்போவது நல்லது. அந்த ஆண்டில் திருந்தவேண்டியவர் யார் என்பதைப் பெற்றோரே அறிவார்கள்.

மற்ற அறிகுறிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். எடுத்ததைக் கீழே வைக்க முடிகிறதா என்பது ஒன்று. வீட்டுக் கைப்பேசியை அரைமணி நேரம் என்று சொல்லிக் கொடுத்து, இரண்டு வாரம் கவனித்தாலே போதும். 13 முதல் 18 வயது வரையுள்ளோர் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் உறங்கவேண்டுமென்பது தூக்க மருத்துவ நிபுணர்களின் பரிந்துரை. இரவில் கைப்பேசி கூடத்தில் மின்னேற்றத்துக்குக் கிடக்கட்டும் என்றால் சண்டைபோடும் பிள்ளைக்கு இன்னும் காலம் வரவில்லை. அமெரிக்கத் தலைமை மருத்துவர் 2023-இல் வெளியிட்ட அறிக்கையில், நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் செலவிடும் இளையோர்க்கு மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அறிகுறிகள் தோன்றும் வாய்ப்பு இருமடங்கு என்று கூறப்பட்டது. சோர்ந்த பிள்ளைதான் கைப்பேசியை நாடுகிறதா, கைப்பேசிதான் சோர்வைத் தருகிறதா என்று ஆராய்ச்சியாளர் இன்னமும் வாதிட்டு வருகின்றனர். உறக்கம் கெடுவதில் அவ்வளவு வாதம் தேவையில்லை. காலையில் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

வந்த செய்தி மெய்யா பொய்யா என்று நின்று யோசிக்கிறதா என்பது இன்னொன்று. உழவர் உதவித்தொகை வந்திருக்கிறது, இந்த இணைப்பைத் தொடுங்கள் என்று போலிச் செய்திகள் நம் எல்லோருக்கும் வருகின்றன. அடுத்த முறை வரும்போது அழித்துவிடாமல் பிள்ளையிடம் காட்டி, இதை என்ன செய்யலாம் என்று கேட்டுப் பார்க்கலாம். சில வீடுகளில் பிள்ளை நமக்குப் பாடம் சொல்லும், அதுவும் நல்லதே.

பிறர் படத்தைப் பற்றி அதன் எண்ணம் என்ன என்பதை, குறிப்பாக ஆண்பிள்ளைகளிடம், கேட்டறிய வேண்டும். கூடப் படிக்கும் பெண்ணின் படம் குழுவில் வந்தால் என்ன செய்வாய்? சிரிப்பேன், அடுத்தவனுக்குத் தள்ளுவேன் என்று பதில் வருமானால் விஷயம் விளையாட்டன்று. சிறுவர் சம்பந்தப்பட்ட ஆபாசப் படத்தைப் பிறருக்கு அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படியும், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படியும் குற்றம். இறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் அத்தீர்ப்பை ரத்து செய்து, அத்தகைய படங்களை வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று விளக்கியது. இதை நம் பையன்களுக்கு யாரும் சொல்வதில்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. முன்சொன்ன அசர் கணக்கில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளுள் சொந்தமாக ஒன்று வைத்திருப்போர் ஆண்களில் நூற்றுக்கு 36, பெண்களில் 27. பையனுக்குக் கேட்டவுடன் கொடுத்து, பெண்ணுக்குத் திருமணம் வரை மறுப்பது பல வீடுகளின் வழக்கமாயிருக்கிறது. மறுக்கப்பட்ட பெண் தோழியின் கைப்பேசியில் பார்ப்பாள். அங்கே இடர் நேர்ந்தால் வீட்டில் சொல்ல வாயிருக்காது. அளவுகோல் இருவருக்கும் ஒன்றாயிருக்கட்டும். அப்படி அளந்தால், பல வீடுகளில் தமக்கை தம்பிக்கு முன்னதாகத் தகுதி பெறுவாள் என்பது நம் ஊகம்.

தகுதி வந்துவிட்டது என்று கண்டால் எப்படிக் கொடுப்பது? ஒரே நாளில் முழுத் தறியையும் ஒப்படைப்பதில்லை. தார் சுற்றுவதிலிருந்து தொடங்குகிறோம். முதலில் உறவினர் மட்டும் உள்ள வாட்ஸ்அப் குழு. பிறகு, உண்மையான பிறந்த தேதியோடு தொடங்கிய, மூடிவைத்த கணக்கு. இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரி முதல் இந்தியாவிலும் இளையோர் கணக்கு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் கணக்கு தானாகவே மூடியிருக்கும். அறிமுகமற்றோர் செய்தி அனுப்ப இயலாது. இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்பு ஒலிகள் அடங்கியிருக்கும். 16 வயதுக்குட்பட்டவர் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். கம்பெனி தந்த பூட்டு என்பதால் முழுதும் நம்பவேண்டியதில்லை. பூட்டே இல்லாததைவிட மேல்.

10 முதல் 14 வயது வரை பெரியவர்களின் மேற்பார்வை அவசியம் என்று அமெரிக்க உளவியல் கழகம் 2023-இல் ஆலோசனை கூறியது. மேற்பார்வை என்பது பிள்ளை உறங்கும்போது செய்திகளைத் திருட்டுத்தனமாகப் படிப்பதன்று. இன்ன கிழமையில் இருவரும் சேர்ந்து பார்ப்போம் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்ப்பதே தக்க முறை. திருட்டுத்தனம் வெளிப்பட்டால், வந்து சொல்லும் வழி அன்றோடு அடைபட்டுவிடும். வயது ஏறஏற அந்தச் சேர்ந்து பார்க்கும் நாட்களையும் குறைத்துக்கொண்டு வரலாம்.

இவையெல்லாம் இனிமேல் கொடுக்கப்போகிறவர்களுக்கு. ஏற்கனவே பொய் வயதுடன் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளே அதிகம் என்பது நமக்குத் தெரியும். அதைக் கண்டதும் கூச்சலிட்டு அழிக்கச் சொன்னால், வேறு பெயரில் இன்னொன்று பத்து நிமிஷத்தில் முளைக்கும். முதலில் பிறந்த தேதியைத் திருத்தச் சொல்லலாம். 13 நிரம்பாத பிள்ளையாயின் கம்பெனியே கணக்கை மூடிவிடக்கூடும். அந்த வருத்தத்தை நாம் பொறுத்துத்தான் ஆகவேண்டும். 13 நிரம்பியிருந்தால் இளையோர் கணக்காக மாறும். பிறகு பின்தொடர்வோர் பட்டியலைத் திறந்து, இவர் யார், எங்கே பழக்கம் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டு வரலாம். நேரில் அறியாதவரைப் பிள்ளையே தன் கையால் நீக்கட்டும். இருநூறு பெயர்கள் இருந்தால் ஒரே இரவில் முடியாது; தறி நிற்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று ஆகும்.